கைடை நம்பிப் போகும் வேட்டை: பொறுப்பு யாருடையது?

முதல் முறையாக வேட்டைக்குப் போகும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாடு கனடா என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி வகுப்பை முடித்து உரிமம் எடுத்துவிட்டார், துப்பாக்கியும் இருக்கிறது. காடுதான் தெரியாது. அதனால் பணம் கொடுத்து ஒரு கைடை அமர்த்துகிறார். விடியற்காலையில் கைட் மெல்லக் கை காட்டுகிறார்: "அதோ நிற்கிறது, சுடுங்கள்." இவர் சுடுகிறார். கிட்டப் போய்ப் பார்த்தால், அந்தப் பருவத்தில் சுடவே கூடாத பெண் மான்.

பிழை யாருடையது?

கேட்டவுடன் பலரும் கைடைத்தான் காட்டுவார்கள். பணம் வாங்கியவர் அவர், விஷயம் தெரிந்தவர் அவர், சுடச் சொன்னவரும் அவர். இந்தப் பதில் பாதிதான் சரி. மற்றப் பாதியை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

இலங்கையில் இன்று விளையாட்டு வேட்டைக்கு இடமில்லை. பிறகு நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இருக்கும் நாம் ஏன் இதைப் பேச வேண்டும் என்று கேட்கலாம். நம் பிள்ளைகளில் பலர் இப்போது கைட் வேலைக்குப் போகிறார்கள். சிவனொளிபாதமலை, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ், எல்ல என்று பயணிகள் வரும் இடமெல்லாம் வழி காட்டிப் பிழைக்கிறார்கள். காசு கொடுப்பவருக்கும் வழி தெரிந்தவருக்கும் இடையில் பொறுப்பு எப்படிப் பிரிகிறது என்பதை வேட்டை அளவுக்குத் தெளிவாகக் காட்டும் வேலை வேறில்லை. அங்கே ஒரு தவறுக்கு ஓர் உயிர் போகிறது. இன்னொரு காரணமும் உண்டு. "காட்டைக் கொஞ்சம் காட்டு தம்பி" என்று துப்பாக்கியோடு வந்து கேட்பவர்கள் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கைட் எதற்கு?

சில நாடுகளில் கைட் வைத்துக்கொள்வது விருப்பத்தைப் பொறுத்ததல்ல, சட்டம். தென்னாபிரிக்காவுக்கு வேட்டைக்கு வரும் வெளிநாட்டவர், உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவரோடுதான் போகலாம். அலாஸ்காவில் வெளிமாநிலத்தவர் பழுப்புக் கரடியையோ மலையாட்டையோ வேட்டையாட வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கைட் கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே வசிக்கும் நெருங்கிய உறவினர் ஒருவர் இருக்க வேண்டும்.

கைடிடம் இருப்பது பல வருடம் சேர்ந்த அறிவு. காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் குளிர்ந்த காற்று மலைச்சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே கிளம்பும். மலையில் கொழுந்து பறிப்பவர்கள் மூடுபனியின் போக்கில் தினமும் பார்ப்பதுதான் இது. மான் கண்ணை விட மூக்கை நம்பும் பிராணி. எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து போனால் நம் வாடை அதற்குப் போகாது என்பதைக் கைட் கணக்குப் போடுவார். தடம் இன்று காலையில் விழுந்ததா நேற்று விழுந்ததா, தூரத்தில் நிற்பது ஆணா பெண்ணா, குட்டிக்குப் பால் கொடுப்பதா, சட்டம் அனுமதிக்கும் வயதுடையதா, நிற்கும் இடம் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புதியவருக்கு இதில் எதுவும் தெரியாது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதுதான் முறையும்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க முடியாது

ஹட்டனில் ஒரு வேன் பிடித்துக் கதிர்காமம் போகிறோம் என்றால் ஏறி உட்கார்ந்து தூங்கிவிடலாம். வளைவில் வேகமாகத் திருப்பினால் பொறுப்பு சாரதியுடையது. கைடோடு போகும் வேட்டையும் அப்படித்தான் என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் வேட்டையில் ஸ்டியரிங் பயணியின் கையில் இருக்கிறது, வழி தெரிந்தவர் பக்கத்து சீட்டில் இருக்கிறார். இதை மறந்த இடத்தில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

துப்பாக்கி பழகுபவர்களுக்கு உலகம் முழுவதும் முதலில் சொல்லிக்கொடுக்கும் விதிகள் சில உண்டு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிறைந்ததாகவே நினைக்க வேண்டும். அழிக்க நினைக்காத எதன் பக்கமும் குழலைத் திருப்பக் கூடாது. சுட முடிவெடுக்கும் வரை விசையில் விரல் வைக்கக் கூடாது. சுடப்போவது என்ன, அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்பது நிச்சயமாகத் தெரிய வேண்டும். இந்தக் கடைசி விதியில் 'கைட் பார்த்துச் சொன்னால் போதும்' என்ற விலக்கு கிடையாது. சுடுபவரின் கண்ணே பார்க்க வேண்டும். கைட் காட்டும் விலங்கு உங்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லையா, எது ஆண் எது பெண் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லையா, சுடாதீர்கள். கைட் அவசரப்படுத்தினாலும் சுடாதீர்கள்.

2006 பெப்ரவரியில் அமெரிக்காவின் அப்போதைய துணை ஜனாதிபதி டிக் செனி, டெக்சாஸில் காடை வேட்டையின்போது கூட வந்த நண்பரையே தவறிச் சுட்டுவிட்டார். முகத்திலும் மார்பிலும் சன்னங்கள் பாய்ந்து அந்த வயதானவர் மருத்துவமனையில் கிடந்தார். சுடப்பட்டவர் தான் பின்னால் வருவதைக் குரல் கொடுத்துச் சொல்லவில்லை என்ற பேச்சு முதலில் கிளம்பியது. சில நாட்கள் கழித்துத் தொலைக்காட்சியில் செனியே, விசையை இழுத்தவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டார். அவரது அரசியலைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதுதான் வேட்டையின் அடிப்படைப் பாடம்.

இதற்கு நேர் எதிரான பேச்சை உலகம் 2015 ஜூலையில் கேட்டது. சிம்பாப்வேயில் ஹ்வாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே செசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்தில் பட்டி கட்டிக் கண்காணித்து வந்த சிங்கம் அது. அம்பெய்தவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர். முதல் அம்பில் காயப்பட்ட சிங்கம் பல மணி நேரம் உயிரோடு கிடந்து, பிறகுதான் கொல்லப்பட்டது. அது பெயர் பெற்ற சிங்கம் என்றோ ஆய்வில் இருப்பது என்றோ தனக்குத் தெரியாது, எல்லாம் சட்டப்படி நடக்கிறது என்று உள்ளூர்க் கைட்களின் அனுபவத்தை நம்பினேன் என்று அவர் அறிக்கை விட்டார். அவருடைய பத்திரங்கள் ஒழுங்காக இருந்தன என்று சிம்பாப்வே அரசு அவர் மீது வழக்குப் போடவில்லை. கைட் மீது போட்ட வழக்கையும் மறு வருடம் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

அதாவது சட்டத்தின் முன் இருவருமே தப்பினார்கள். உலகம் அவர்களை விடவில்லை. பலருக்கு அந்த மருத்துவரின் மீது இருந்த கோபம், அவர் சுட்டார் என்பதை விட, 'நம்பினேன்' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டார் என்பதில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். அவர் அனுபவமில்லாத புதியவரும் அல்ல. இரவில், பூங்காவின் ஓரத்தில், இரை வைத்து இழுத்த ஒரு சிங்கத்தை எய்யும்போது "இது எங்கிருந்து வருகிறது, பூங்காவுக்குள்ளிருந்தா?" என்று ஒரு கேள்வி கேட்க ஆபிரிக்கக் காடு முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதுதான் புதியவரின் பங்கு.

சில சட்டங்கள் இந்த இடத்தில் தெளிவாகவே பேசுகின்றன. அமெரிக்காவில் லேசி சட்டம் என்று 1900ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. சட்டவிரோத வேட்டைக்குக் காசு வாங்கி வழிகாட்டினால் அது வனவிலங்கை விற்றதற்குச் சமம் என்று அதில் 1988இல் சேர்த்தார்கள். அந்தச் சேவையைக் காசு கொடுத்துப் பெற்றவர் வாங்கியவராகிறார். இருவரும் ஒரே குற்றத்தின் இரு பக்கம்.

காயம்பட்ட விலங்கு

வேட்டையில் பொறுப்பு என்ற சொல்லுக்கு முழு அர்த்தமும் தெரியும் இடம் இதுதான். படம் எடுத்துப் போடுபவர்கள் பேசாத இடமும் இதுதான்.

சரியாகச் சுட்டால் குண்டு நெஞ்சுக்கூட்டுக்குள் போய் இதயத்தையோ நுரையீரலையோ துளைக்கும், விலங்கு சில நொடிகளில் விழுந்துவிடும். புதியவரின் கை நடுங்கும், மூச்சு வாங்கும். நான்கு விரல் தள்ளிப் பட்டால் குண்டு வயிற்றில் பாயும். விலங்கு ஓடிவிடும், ஆனால் பிழைக்காது. சாக மணிக்கணக்காகலாம்.

அனுபவமுள்ள கைட் உடனே பின்னால் ஓடமாட்டார். விலங்கு நின்ற இடத்துக்குப் போய் இரத்தத்தைப் பார்ப்பார். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, அரை மணி நேரம் பொறுத்துப் போனால் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். பச்சை கலந்து நாற்றமடித்தால் வயிறு. வயிற்றில் பட்டதை உடனே துரத்தினால் பயத்தில் இன்னும் பல கிலோமீற்றர் ஓடும், கண்டுபிடிக்கவே முடியாமல் போகும். அதனால் பல மணி நேரம் காத்திருந்து, அப்புறம் ஒவ்வொரு துளியாகத் தேடிப் போவார்கள். நாய் இருந்தால் நாயோடு போவார்கள்.

ஆபிரிக்க எருமை போன்ற ஆபத்தான விலங்கு காயப்பட்டுப் புதருக்குள் போய்விட்டால் அதன் பின்னால் போவது யார்? பெரும்பாலும் கைடும், அவருக்கும் முன்னால் குனிந்து தடம் பார்த்துப் போகும் உள்ளூர்த் தொழிலாளியும்தான். சுட்டவர் பின்னால் பாதுகாப்பாக நிற்பார். ஒருவரின் அவசரத்துக்கு இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கிறார் என்பதை யோசித்துப் பார்த்தால், 'கொஞ்சம் தூரந்தான், அடித்துப் பார்க்கலாமே' என்ற எண்ணம் எவ்வளவு பெரிய பாவம் என்று புரியும்.

தெற்கு ஆபிரிக்க நாடுகளில் பரவலாக ஒரு வழக்கம் இருக்கிறது: ஒரு துளி இரத்தம் விழுந்தாலும், விலங்கு கைக்குக் கிடைக்காவிட்டாலும், முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். கடுமையாகத் தோன்றலாம். என் பார்வையில் இது மிக நல்ல ஏற்பாடு. நிச்சயமில்லாமல் விசையை இழுப்பவரின் பையைத் தொட்டு நிறுத்துகிறது.

ஆகவே புதியவர் கைடிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். "நூறு மீற்றருக்கு மேல் எனக்கு நிச்சயமில்லை" என்பது அவமானமான வாக்கியமல்ல. நம்மவர்களுக்கு 'தெரியாது' என்று சொல்லக் கூச்சம் அதிகம். கைட் "சரியா?" என்று கேட்டால், சரியோ இல்லையோ தலை ஆடிவிடும். காட்டில் அந்தத் தலையாட்டலுக்கு ஒரு விலங்கு மணிக்கணக்காகத் துடிக்கும்.

நல்ல கைட் அந்தத் தலையாட்டலை நம்பிக் கிளம்பமாட்டார். வந்து இறங்கிய அன்றே ஓர் அட்டைக் குறியை வைத்து நாலைந்து தடவை சுடச் சொல்வார். விமானத்தில் வந்ததில் துப்பாக்கியின் குறி மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் என்பார். அதுவும் உண்மைதான், ஆனால் அவர் கண் துப்பாக்கியை விட ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். விரல் எங்கே இருக்கிறது, சத்தத்துக்குக் கண்ணை மூடுகிறாரா, சொன்னதைக் கேட்கிறாரா என்றெல்லாம் அளந்துகொள்வார். எத்தனை மீற்றர் வரை இவரைச் சுட விடலாம் என்ற முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிடும். அது முழுக்க முழுக்கக் கைடின் பொறுப்பு. புதியவருக்குத் தன் அளவு தெரியாது. தெரிந்தவர் அளந்து சொல்லாமல் விட்டால், பிறகு நடப்பதில் அவருக்கும் சமபங்கு.

காசு எப்படிப் பேசப்படுகிறது

கைடின் நேர்மை அவருடைய குணத்தை மட்டும் பொறுத்ததல்ல, கூலி எப்படிப் பேசப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது. விலங்கு விழுந்தால்தான் காசு என்றால், "வேண்டாம், இது குட்டியோடு நிற்கிறது" என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. நாட்கூலி தனியாகவும் விலங்குக்கான கட்டணம் தனியாகவும் இருந்து, கைடின் பங்கு நாட்கூலியில் இருந்தால், அவரால் தலை நிமிர்ந்து மறுக்க முடியும். சன்மானமும் அப்படித்தான். பெரிய கொம்புக்குப் பெரிய சன்மானம் கொடுப்பவர், அடுத்த தடவை எல்லையைத் தாண்டச் சொல்லிக் கைடைத் தூண்டுகிறார், தான் அப்படிச் செய்கிறோம் என்று தெரியாமலே.

புதியவர் கைடைத் தேடும்போது 'எத்தனை விலங்கு கிடைக்கும்' என்றுதான் முதலில் விசாரிப்பார். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எப்போது என்னைச் சுட வேண்டாம் என்பீர்கள்? இதற்குத் தயங்காமல் நான்கு உதாரணம் சொல்லும் கைடோடு நம்பிப் போகலாம்.

நம் மலைகளில்

மலையகத்துக்கு இந்த உறவு புதிதல்ல. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை வைத்து மரைகளைத் துரத்தி வேட்டையாடியவர். ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரைத்தான் சுமக்கிறது. மேஜர் ரொஜர்ஸ் என்ற இராணுவ அதிகாரி 1,400 யானைகளுக்கும் மேல் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. இவர்கள் தனியாகப் போகவில்லை. தடம் பார்த்தவர்கள், நாய்களை நடத்தியவர்கள், சுமை தூக்கியவர்கள் என்று ஊர் மக்கள் கூடவே போனார்கள். சுட்டவரின் பெயரில் நீர்வீழ்ச்சி இருக்கிறது, வழி காட்டியவர்களில் எவரது பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை. பெருமை ஒருவருக்கு, ஆபத்து இன்னொருவருக்கு என்ற பங்கீடு அப்போதே தொடங்கிவிட்டது.

இன்று அந்தப் பங்கீடு இன்னும் மோசம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மரை, சருகுமான், சிறுத்தை எதையும் வேட்டையாட முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாத துப்பாக்கி வைத்திருப்பது தனிக் குற்றம். இப்படி இருக்க, நகரத்திலிருந்து வாகனத்தில் வந்து, தோட்டத்துப் பையனைப் பிடித்து, "மான் வருகிற இடம் உனக்குத் தெரியுமாமே, ஐயாயிரம் தருகிறேன்" என்று ஒருவர் கேட்கிறார். கேட்பவர் வேட்டைக்குப் புதியவர், காடும் தெரியாது, சட்டமும் தெரியாது, அல்லது தெரியாதது போல் இருக்கிறார். பையனுக்கு ஐயாயிரம் என்பது சில நாள் சம்பளம்.

பிடிபட்டால்? குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதும் நம் சட்டத்தில் குற்றம்தான். 'வழிதானே காட்டினேன்' என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. வாகனத்தில் வந்தவர் சட்டத்தரணியை வைத்துக்கொண்டு பிணையில் போய்விடுவார். லயத்திலிருந்து வந்த பையனுக்கு யார் கையெழுத்துப் போடுவது? தவணைக்குத் தவணை வேலையை விட்டு நீதிமன்றத்துக்கு அலைவது யார்? காசு கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சட்டத்தில் ஒரே பொறுப்பு இருந்தாலும், அதன் சுமை ஒரே மாதிரி விழுவதில்லை. இதை நன்றாகத் தெரிந்துகொண்டே ஒரு ஏழைப் பையனைக் கைடாக்குபவர் மிருகத்தை மட்டுமல்ல, ஒரு குடும்பத்தையும் காயப்படுத்துகிறார்.

கண்ணி வைப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்ஷபான தோட்டத்தில், அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் சிக்கியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாட்களில் இறந்துவிட்டது. பன்றிக்கென்று வைக்கும் கம்பி, வருவது பன்றியா சிறுத்தையா என்று பார்க்காது. சுடும் முன் இலக்கை உன் கண்ணால் உறுதிசெய் என்ற விதியை எடுத்துக்கொண்டால், கண்ணி என்பது கண்ணை மூடிக்கொண்டு இரவு முழுக்கச் சுட்டுக்கொண்டே இருப்பது போன்ற செயல். தோட்டத்தில் பன்றி வரும் வழியை வெளியாட்களுக்குக் காட்டிக்கொடுப்பவரும் அந்தக் கம்பியின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார்.

கைட் வேலை செய்யும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். துப்பாக்கியோடு வருபவருக்குப் பாதை காட்டாதீர்கள், எவ்வளவு கொடுத்தாலும். கெஞ்சினால் "எனக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை" என்று சொல்லிவிட்டு நகருங்கள், வாதாட வேண்டாம். கூட்டமாக வந்து மிரட்டினால் தோட்டத்துப் பெரியவர்களிடமோ வனஜீவராசிகள் அலுவலகத்திலோ சொல்லிவையுங்கள்.

கெமராவோடும் முதுகுப்பையோடும் வருபவரை அழைத்துப் போகும்போது, மேலே சொன்ன கூலிப் பேச்சு உங்களுக்கும் பொருந்தும். ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவில் பள்ளம் 800 மீற்றருக்கும் மேல், காலை ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மூடுபனி வந்து விளிம்பை மறைத்துவிடும். நக்கிள்ஸில் மழை பிடித்தால் ஓடையைக் கடக்க முடியாமல் போகும். பயணி "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம்" என்பார். அந்த நேரத்தில் திரும்பச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதற்கான பலம் காலையிலேயே பேசிய காசில்தான் இருக்கிறது. நடக்கத் தொடங்கும் முன், "வானிலையைப் பார்த்து நான் திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும், பாதியில் திரும்பினாலும் கூலி முழுக் கூலிதான்" என்று நேராகச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குச் சம்மதிக்காதவரோடு அன்றைக்குப் போகாதீர்கள்.